அக்காவின் பட்டினியும் பச்சைப் புள்ளிகளும்

அக்காவுக்குப் புற்றுநோய் வந்த வருஷத்தில்தான் எங்கள் குடும்பம் அதிகமாகச் சிரித்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. குடும்பம் என்றால் மூன்று பேர்தான்: அக்கா, அவள் கணவரான அத்தான், நான். அக்காவுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவளுக்கு நான் இன்னும் ‘பாப்பா’தான்.

அக்கா பஸ் ஓட்டுகிறவள். இங்கே அந்த வேலைக்கு ‘பஸ் கேப்டன்’ என்று பெயர். அந்தப் பதவியை அவள் வீட்டுக்கு வந்தும் கழற்றி வைப்பதில்லை. புக்கிட் மேராவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், பையை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் உத்தரவு வரும். அத்தான் துவாஸ் துறைமுகத்தில் கிரேன்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். ஆறடி உயரம், அதற்கேற்ற வயிறு. தலைக்கு மேலே தொங்கும் இரும்பைக் கண்டு பயப்படாத மனிதர். அக்கா தும்மினால் பயப்படுவார்.

கழுத்துக் கட்டியை அக்காவேதான் கண்டுபிடித்தாள். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது ஏதோ இடித்ததாம். பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின், இது லிம்ஃபோமா, நிணநீர்ச் சுரப்பிகளில் வருவது, வேகமாக வளரும், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் என்று டாக்டர் சொன்னார். அத்தானுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. அக்காவுக்கு இரண்டாம் பாதி மட்டும்.

“மருந்துக்குக் கட்டுப்படும்னா சரி. எப்ப ஆரம்பிக்கலாம்?” என்றாள், புது ரூட் கொடுத்தவர்களிடம் கேட்பதுபோல.

முதல் கீமோ நாளில் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். அத்தான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துகள் முடிந்ததும், நர்ஸ் நீல அங்கியும் தடித்த கையுறைகளும் போட்டுக்கொண்டு ஒரு பெரிய சிரிஞ்சை எடுத்து வந்தார். உள்ளே பளீரென்ற சிவப்பு. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாக்ஸோரூபிசின். எனக்குப் பழக்கமான ஆளை எதிர்பாராத கல்யாண வீட்டில் பார்த்தது போல இருந்தது.

“அக்கா, இந்த மருந்தைத்தான் நானும் தினமும் கையில வெச்சிருக்கேன்.”

“நீயா? உனக்கென்ன வந்துச்சு?”

“எனக்கில்லக்கா. என் செல்லுங்களுக்கு.”

நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்கு மருந்து ஊற்றி, என்ன ஆகிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. ‘பாப்பா ஏதோ லேப்ல இருக்கா’ என்பதற்கு மேல் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தட்டில் துளியின் துளியாக நான் விடும் அந்த மருந்து, இப்போது சிரிஞ்சு நிறைய அக்காவின் கையில் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதை உற்றுப் பார்த்துவிட்டு, “பாண்டுங்ல பால் ஊத்துறதுக்கு முன்னாடி இருக்கற மாதிரியே இருக்கு லா” என்று நர்ஸிடம் சொன்னாள். ரோஜா சர்பத்தில் பால் கலந்த பாண்டுங் என்றதும் அந்த மலாய் நர்ஸ் சிரித்துவிட்டார். சிரித்தாலும் சிரிஞ்சைத் தள்ளும் கை ஒரே சீராக நகர்ந்தது.

வாந்தி வரும், சோர்வு வரும், முடி கொட்டும் என்றெல்லாம் எங்களை எச்சரித்திருந்தார்கள். கூடவே கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார்கள்: கொஞ்சம் பசி அதிகமாகலாம், தூக்கம் குறையலாம். அந்தக் ‘கொஞ்ச’த்தை நாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டில் போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

“பாப்பா, நம்ம வீட்டு ஃபேன்ல எவ்வளவு தூசி தெரியுமா? மூணு ஃபேனையும் தொடச்சிட்டேன். இப்ப ஜன்னல் கம்பி. நீ சாப்டியா? நான் எட்டு இட்லி சாப்டேன். இன்னும் பசிக்குது. உங்க அத்தான் எழுந்ததும் அவரையும் தொடைக்கணும்.”

ஒவ்வொரு கீமோவுக்குப் பின்னும் அந்த மாத்திரை நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அக்கா தரையில் நடந்ததாக எனக்கு நினைவில்லை. பழைய பாட்டுகளை இரண்டு வரி பாடி மூன்றாவது வரியில் வேறு பாட்டுக்குத் தாவுவாள். லிஃப்டில் ஏறும் முன்பின் தெரியாதவர்களிடம் தன் தலையைத் தடவிக் காட்டி, “பாருங்க, ஷாம்பூ செலவு மிச்சம்” என்பாள். அத்தான் பின்னாலேயே நின்று அவர்களிடம் கண்களால் மன்னிப்புக் கேட்பார். மாத்திரை நின்றதும் இரண்டு நாள் துணி போலக் கிடப்பாள். அப்போதும், “பாட்டு ஸ்டாக் தீந்துடுச்சு” என்பாள் மெல்லிய குரலில். நாங்கள் சிரிப்போம். பிறகு நான் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து மறுபடி சிரிப்பேன்.

இரண்டாவது கீமோவின்போது பொழுது போகாமல் அக்கா என்னைத் துருவினாள்.

“நீ இதே மருந்தை அதுங்களுக்கு ஊத்துற. அதுங்க செத்துப்போயிடுமா?”

“முக்கால்வாசி சாகும். கொஞ்சம் சாகாது. ஏன் சாகலன்னு பாக்குறதுதான் என் வேலை.”

“ஏன் சாகல?”

“தன்னையே தின்னு பொழச்சுக்குதுக்கா. மருந்து உள்ள போயி அடிச்சதும் செல்லுக்குள்ள நிறைய சாமான் உடைஞ்சுபோகும். உடைஞ்சதையெல்லாம் ஒரு சின்னப் பையில கட்டி, கரைச்சு, அதுலேர்ந்து வர்ற சத்தை வெச்சே உயிர் வாழும். மருந்தோட வேகம் குறையற வரைக்கும் அப்படியே தம் கட்டும். அதுக்குப் பேரு ஆட்டோஃபேஜி.”

“ஆட்டோ கியர் தெரியும். இது என்ன ஆட்டோ?”

“ஆட்டோன்னா தானே. ஃபேஜின்னா தின்னுறது.”

அக்கா சற்று யோசித்தாள். “திருட்டுப் பயலுங்க” என்றாள்.

மறுபக்கம் அத்தான் அரைத் தூக்கத்தில் இருந்தார். இந்தப் பேச்சில் அவர் காதில் நுழைந்தது ஒரே ஒரு சொல். வீட்டுக்குப் போனதும் அதைப் போனில் தேடியிருக்கிறார். தேடினால் கொட்டுகிறது: பட்டினி இருந்தால் ஆட்டோஃபேஜி நடக்கும், ஆட்டோஃபேஜி நடந்தால் உடம்பிலுள்ள கழிவெல்லாம் சுத்தமாகும், கழிவு போனால் புற்றுநோய் பட்டினியில் செத்துப்போகும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கரும்பலகையில் படம் வரைந்து சொல்கிறார். அந்த வீடியோவை எனக்கும் அனுப்பி, அடியில் ‘உன் சப்ஜெக்ட்தான்’ என்று பெருமையாக எழுதியிருந்தார். நான் ஒரு சிரிக்கும் முகத்தைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு வீடியோவைப் பார்த்து அக்கா சாப்பாட்டைக் கைவிடுவாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஆயுசு முழுக்க அவள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். வெள்ளணுக்கள் குறைவு. எடையும் நன்றாக இறங்கியிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். “ஆமா” என்று இருவரும் ஒரே நேரத்தில், ஒரே ஸ்ருதியில் சொன்னார்கள். அந்த ஒற்றுமைதான் எனக்கு உறுத்தியது. இன்று மருந்து வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம், அதற்குள் சாப்பிட்டுத் தேறி வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

வெளியே வராந்தாவில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. இருவரையும் உட்கார வைத்து நான் எதிரில் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவை நான் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறேன், அதாவது உட்கார வைத்து.

“என்ன நடக்குது?”

அத்தான் கூரையைப் பார்த்தார். அக்கா சொன்னாள், “ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி. வெறும் தண்ணி. உங்க அத்தானும் என்கூடவே இருக்காரு. நான் சாப்பிடாதப்ப அவருக்குச் சோறு இறங்காதாம்.”

“மாத்திரை சாப்பிடற நாள்ல கூடவா? அந்தப் பசியிலயா?”

“அந்த நாள்ல சமையல் வீடியோ பாப்பேன். ஒரே நாள்ல பதினெட்டு வகை மீன் குழம்பு பாத்தேன் பாப்பா.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். அத்தான் மட்டும் கண் கலங்கி, “உன் சயின்ஸ்னுதானே நம்பினேன்” என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு அடங்கியது. இரவும் பகலும் பயந்துகொண்டிருந்த மனிதருக்கு, தான் செய்வதற்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். வீடியோவில் வந்தது முழுப் பொய்யில்லை. நம் நல்ல செல்களும் அதே வித்தையைத்தான் செய்கின்றன. உள்ளே பழுதானதைக் கரைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள அது வேண்டும். ஆனால் புற்றுநோய் செல்லும் நம் உடம்பிலிருந்து வந்ததுதானே. அதற்கும் இந்த வித்தை தெரியும். கீமோ அடிக்கும்போது அது தப்பிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. பட்டினி போட்டால் அது சாகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்காவின் எடை இறங்கியதும் மருந்து தள்ளிப்போனதும் மட்டும் இப்போதைக்கு உறுதி.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அந்த வீடியோ டாக்டர் போர்டுல படம் போட்டுக் காட்டினாரு. நீ வாயால சொல்ற” என்றாள்.

“அப்ப?”

“நான் கண்ணால பாக்கணும். கண்ணாடில தெரியாத வண்டிய நான் நம்ப மாட்டேன்.”

என் ஆய்வுக்கூடத் தலைவர் ஒரு சீனப் பெண்மணி. பேச்சு சிக்கனம், சிரிப்பு அதைவிடச் சிக்கனம். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து பார்வையை எடுக்காமல், செல் வளர்க்கும் அறைக்குள் வேண்டாம், ரசாயனத்தில் பதப்படுத்தி உயிரற்றுப்போன செல்கள் உள்ள கண்ணாடித் தகடுகளைக் காட்டலாம், முகக்கவசம் போட்டு வரச் சொல், மாடியில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக்கொள் என்றார். நான் கதவருகே போனபின், தன் அம்மாவும் இப்படித்தான் எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவார் என்று சொல்லி, அந்தச் சிக்கனமான சிரிப்பில் ஒன்றை எனக்குச் செலவழித்தார்.

அந்த வார நடுவில் டாக்ஸியில் வந்து இறங்கினாள் அக்கா. தலையில் கத்தரிப்பூ நிறத் துணி, காதில் பெரிய தொங்கட்டான், முகக்கவசத்துக்கு மேலே மை தீட்டிய கண்கள். திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். அத்தானுக்குத் துவாஸில் வேலை, வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். “பாவம், அவரு இன்னிக்கும் பட்டினி. நான் நிறுத்தற வரைக்கும் நிறுத்த மாட்டேங்கறாரு” என்றாள்.

நுண்ணோக்கி இருப்பது ஜன்னலில்லாத சிறிய அறை. விளக்கை அணைத்தேன். நாற்காலி உயரத்தை அவளே டிரைவர் சீட்டைச் சரிசெய்வதுபோல ஏற்றி இறக்கி அமர்ந்துகொண்டாள்.

முதல் தகடு மருந்து ஊற்றாத செல்கள். “இது உன்னோட வகை இல்லக்கா, மார்பகப் புற்றுநோய் செல்லு” என்று சொல்லி வைத்தேன். கறுப்புப் பின்னணியில் மங்கலான பச்சைத் திட்டுகள். உடைந்த சாமான்களைக் கட்டும் பையின் மேல் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு புரதம் உண்டு. அது பச்சையாக ஒளிரும்படி நாங்கள் ஏற்பாடு செய்திருக்கிறோம். பை உருவாகாதவரை பச்சை எங்கும் பரவிக் கிடக்கும். பை உருவானால் புள்ளி புள்ளியாகச் சேரும்.

“ஒண்ணுமே இல்லையே. பாசி புடிச்ச மாதிரி இருக்கு.”

இரண்டாவது தகட்டை வைத்தேன். மருந்து ஊற்றிய பிறகும் சாகாமல் நின்றவை. அக்கா முகத்தை நுண்ணோக்கியோடு ஒட்டிக்கொண்டாள்.

“நடுவுல சிவப்பா இருக்கே, அது என்னது?”

“அதுதான் உன் மருந்து. அந்த வெளிச்சத்துல அது தானாவே மின்னும். செல்லோட நடுப்பகுதிக்குள்ள போயி உட்காந்திருக்கு.”

“என் பாண்டுங்கா?”

“உன் பாண்டுங்தான்.”

“சுத்தி பச்சையா, பொட்டுப் பொட்டா... இதெல்லாம் அந்தப் பையா?”

“ஆமாக்கா. ஒவ்வொண்ணும் ஒரு பை. உள்ள மருந்து வெச்சு அடிக்குது, இதுங்க உடைஞ்சதைப் பொறுக்கித் தின்னுட்டு உசிரோட இருக்குதுங்க.”

அக்கா கண்ணை எடுக்காமலே பேசத் தொடங்கினாள். என்னிடம் இல்லை, செல்களிடம். கடைசி பஸ்ஸில் கால் நீட்டிப் படுத்திருப்பவர்களை எழுப்பும் அதே குரல்.

“ஏய். என்னடா நடக்குது இங்க? நான் அங்க தண்ணியக் குடிச்சுட்டு மீன் கொழம்பு வீடியோ பாத்துட்டுக் கெடக்குறேன். நீங்க உள்ள உக்காந்து விருந்தா சாப்பிடுறீங்க?”

சிரிப்பை அடக்க நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். கதவுக்கு வெளியே யாரோ நடந்துபோன காலடிச் சத்தம் நின்றது, கொஞ்சம் கேட்டது, மறுபடி நடந்தது.

மூன்றாவது தகடு மீதிக் கதை. மலேரியாவுக்குக் கொடுக்கும் ஒரு பழைய மருந்தைக் கூடச் சேர்த்தால், அந்தப் பைகள் உருவாகும், ஆனால் உள்ளே இருப்பது கரையாது. நிறைந்த பைகளாக அடைத்துக்கொண்டு நிற்கும். செல்லுக்குச் சாப்பாடு கிடைக்காது. சிவப்பு மருந்து தன் வேலையை முடித்துவிடும். தகட்டில் சுருங்கிப் பொரிந்த செல்கள் கிடந்தன.

“அடைச்சுக்கிச்சா? நம்ம ப்ளாக்குல மாடிலேர்ந்து குப்பை போடற குழாய் மாதிரி?”

“அதே மாதிரிதான்.”

“அப்ப இந்த மருந்தையும் எனக்குக் குடுத்துட வேண்டியதுதானே?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்காது என்றேன். ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிலருக்கு உதவியதுபோலத் தெரிகிறது, சிலருக்கு இல்லை. நல்ல செல்களுக்கும் அந்தப் பைகள் வேண்டும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. உன் டாக்டர் கொடுப்பதே உன் நோய்க்கு நன்றாக வேலை செய்கிற மருந்துதான், அதை முழுசாக வாங்கிக்கொள்ளத் தெம்புதான் வேண்டும். அவ்வளவையும் சொல்லி முடித்தபோது, அவள் ஏமாந்துபோவாள் என்று நினைத்தேன்.

விளக்கைப் போட்டேன். அக்காவின் கண்கள் பளபளத்தன.

“பாப்பா, இத்தனை வருஷமா நீ இதையா பாத்துட்டு இருக்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எவ்வளவு அழகா இருக்கு.”

அந்த இருட்டறையில் தனியாக உட்கார்ந்து புள்ளி எண்ணியிருக்கிறேன். அது அழகு என்று என் குடும்பத்தில் ஒருவர் சொல்லும் நாள் வரும் என்று நினைத்ததில்லை. மாத்திரை சாப்பிடுகிறவள் அவள். தரையில் கால் பாவாமல் நடந்தது நான்.

“சரி, வா. தேக்காவுக்குப் போகலாம்” என்றாள் அக்கா.

“எதுக்கு?”

“பிரியாணி. அதுங்களே சாப்பிடுதுங்க. எனக்கென்ன தலையெழுத்து?”

பச்சையாக எதுவும் வேண்டாம், சுடச்சுடச் சமைத்தது சாப்பிடலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மதியக் கூட்டம் கலைந்திருக்கும் நேரம். தேக்கா உணவங்காடியில் பாதி மேசைகள் காலி. நான் ஈரத்துணியால் துடைக்க ஒரு மேசை தேடிக்கொண்டிருந்தபோது அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தூணுக்குப் பின்னால், எங்களுக்குப் பக்கவாட்டில், துறைமுக வேலைக்காரர்களின் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று. ஆறடி உடம்பை முடிந்தவரை குறுக்கிக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். எதிரில் மலைபோல மட்டன் பிரியாணி. பக்கத்தில் ஏற்கெனவே காலியான இன்னொரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். பிரார்த்தனை செய்வதுபோல இருந்தது.

அக்கா சத்தமில்லாமல் போய் அவருக்கு எதிர் நாற்காலியில் அமர்ந்தாள். நான் தூணருகிலேயே நின்றுவிட்டேன். அவர் கண்ணைத் திறந்தார். மெல்லுவது நின்றது.

“துவாஸ் எப்பலேர்ந்து தேக்காவுக்கு வந்துச்சு?” என்றாள் அக்கா.

அவர் விழுங்கினார். “ஷிஃப்ட் மாத்திட்டாங்க லா.”

“பட்டினி?”

அவர் தட்டைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

“உன் முன்னாடி சாப்பிட மனசு வரலம்மா” என்றார் கடைசியில். “சாப்பிடாம இருக்கவும் முடியல. ஏணி மேல நிக்கும்போது தலை சுத்துச்சு. மொத வாரத்துலேர்ந்தே இங்கதான் வரேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு நெனச்சுக்குவேன்.”

இப்போது இடி விழும் என்று நான் காத்திருந்தேன்.

“நீயும்தான்” என்றார் அத்தான் திடீரென்று, தைரியம் வந்தவராக. “அலமாரில தொங்குதே உன் யூனிஃபார்மு. அதோட பாக்கெட்ல பூரா பிஸ்கட் தூள். நான் ஏதாவது கேட்டேனா?”

அக்காவின் வாய் திறந்தது. மூடியது. பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பஸ் பிரேக் காற்றை விடுவதுபோல முதலில் ‘புஸ்’ஸென்று, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. முகக்கவசத்தைக் கழற்றி அதாலேயே கண்ணைத் துடைத்தாள். அத்தானும் சிரித்தார். சிரிப்பும் இருமலுமாக அவருக்குப் பருக்கை புரையேறி, நான் ஓடிப்போய் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் காரணம் தெரியாமலே எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிரியாணிக் கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, சூடா இன்னும் ரெண்டு பிளேட்டு. சட்டியோட அடிலேர்ந்து எடுங்க, நல்லா ஆவி பறக்கணும்” என்று அக்கா அங்கிருந்தே உத்தரவிட்டாள்.

அவள் அன்று சாப்பிட்ட அழகை எழுத எனக்குத் திராணியில்லை. கறித்துண்டை எலும்பிலிருந்து பிரித்து, கொஞ்சம் சோறு, கொஞ்சம் கத்தரிக்காய், எல்லாம் ஒரு வாயாக. நடுநடுவே அத்தானுக்கு நுண்ணோக்கிக் கதை. “சிவப்பு நடுவுல. அது நம்ம ஆளு. சுத்திப் பச்சப் பச்சயா இருக்கறதெல்லாம் அந்தத் திருடனுங்க சாப்பாட்டு மூட்டை.” நான் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னாள். அத்தான் போனை எடுத்து, அந்த வீடியோவைத் தேடி, எங்கள் கண்ணெதிரில் அழித்தார். தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்ததை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியாமல், ஒவ்வொருவருக்கும் ‘அது தப்பு, சாப்பிடுங்கள்’ என்று செய்தி அனுப்பினார். பலருக்கு அது எதற்கென்றே புரியவில்லை. மதிய நேரமாக இருந்ததால் நன்றி என்று பதில் எழுதினார்கள்.

அடுத்த வாரம் ரத்த அணுக்கள் தேறியிருந்தன, எடையும் கொஞ்சம் ஏறியிருந்தது. சிவப்பு சிரிஞ்சு மறுபடி வந்தது. இந்தமுறை அக்கா அதைக் குனிந்து பார்த்து, “உள்ள போயி நல்லா உக்காரு. நான் இங்க சாப்பாட்டப் பாத்துக்கறேன்” என்றாள். அதன்பின் எல்லாம் சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வாயெல்லாம் புண்ணாகி வெறும் கஞ்சியில் ஓடிய நாட்கள் இருந்தன. ஒருமுறை காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். அத்தான் கட்டிலருகே இருந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போட அவள் திணறியதைப் பார்த்து, அந்தக் கைகள் இனி ஸ்டியரிங் பிடிக்குமா என்று நான் உள்ளுக்குள் பயந்ததும் உண்டு. ஆனால் மருந்து மீண்டும் தள்ளிப்போகவில்லை. மாத்திரை நாட்களில் அவள் பாடிக்கொண்டே சமைத்தாள், அத்தான் பகிரங்கமாகச் சாப்பிட்டார், என் இடுப்பு இரண்டு அளவு பெருத்தது.

ஆய்வுக்கூடத்தில் எங்கள் வேலை இன்னும் முடியவில்லை. பைகளை அடைக்கும் மருந்தை எந்தச் செல்லுக்கு, எப்போது கொடுத்தால் பலன் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். சில வாரம் எல்லாம் பொருந்தி வருகிறது, சில வாரம் செல்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. இப்போதெல்லாம் தகட்டை வைத்ததும், மனசுக்குள், ‘ஏய், என்னடா நடக்குது இங்க?’ என்று ஒரு குரல் கேட்கிறது.

சிகிச்சை முடிந்து ஸ்கேன் முடிவு சொல்லும் நாளில் மூவரும் போனோம். டாக்டர் படத்தை எங்கள் பக்கம் திருப்பி, நோயின் தடயம் எதுவும் தெரியவில்லை, தொடர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றார். அத்தானுக்கு இந்தமுறையும் பாதிதான் காதில் விழுந்தது. நல்லவேளை, முதல் பாதி. எழுந்து நின்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விட மறந்துவிட்டார். அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுக் கொடுத்தாள்.

அங்கிருந்து எங்கே போவதென்று யாரும் கேட்கவில்லை. கால்கள் தாமாகத் தேக்காவை ஒட்டிய சிராங்கூன் சாலைக்குப் போயின. வெயில் அடித்தது, எல்லாக் கடையிலும் ஏதோ ஒரு பாட்டு, நாங்கள் நடைபாதையை முழுசாக அடைத்துக்கொண்டு மூவரும் கைகோத்து நடந்தோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை. எதற்கெடுத்தாலும் சிரித்தோம். அத்தான் ஒரு புறாவைப் பார்த்து, “நல்லாருக்கியா?” என்றார்.

பூக்கடை முன்னால் அக்கா நின்றாள். மல்லிகைச் சரம் ஒரு முழம் கேட்டாள். பூ கட்டும் பெண் முழம் போட்டு நறுக்கியபின்தான் நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்தார். துணி இல்லாத நாள் அது; அரிசி மணி அளவுக்குப் புது முடி நரைத்து எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கை தயங்கியது.

“எங்க வெப்பீங்கக்கா?”

“தலையில இடம் தயாராகுது. அதுவரைக்கும் இவருகிட்ட இருக்கட்டும்” என்று சொல்லி, அத்தானைக் குனிய வைத்து, சரத்தை அவர் கழுத்தில் போட்டாள். ஒரு முழம் அவர் கழுத்துக்குப் போதவில்லை. இன்னொரு முழம் வாங்கி முடிச்சுப் போட்டாள். அவர் மறுக்கவில்லை. அப்படியே ரயிலில் ஏறினார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞன் போனிலிருந்து தலையைத் தூக்கி, மாலையும் மீசையுமாக நின்ற அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து இடம் கொடுத்தான். அத்தான் அந்த இடத்தில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலே மணத்தபடி நின்றார்.